அபூ கஸ்வான் கொடுத்த ரத்தம்

என் மாமாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டுதான் தேறியது. கை தாராளம். அப்புறம், வாயில் இருக்கிற பல் அத்தனையும் சொந்தப் பல். மற்றபடி ஜபல் ஜோஃபாவில் அவரைப் போல வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள் கிடையாது. இருந்தால் அது எதிர்மாடி அபூ ஷுக்ரிதான்.

இரண்டு பேரும் புறாக்காரர்கள். அம்மானில் புறா விடுகிறவன் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அவன் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று ஒரு பேச்சும் உண்டு. அடுத்தவன் பறவை தன் மாடியில் வந்து இறங்கினால் அதைப் பிடித்துக் கூண்டில் போட்டுவிட்டு, நான் புறாவையே பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிற பிழைப்பு அது. இரண்டு மாடிக்காரர்கள் சமாதானம் என்று பேசிக்கொண்டால் பிடித்த பறவையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சண்டை என்று பேசிக்கொண்டால் பிடித்தது பிடித்தவனுக்கே. மாமாவுக்கும் அபூ ஷுக்ரிக்கும் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சண்டை.

இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு சந்து. கார் நுழைந்தால் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொள்ள வேண்டிய அகலம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படியிருந்தும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியாகவேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் தங்கள் தங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசுவார்கள்.

"தொட்டியே, சில பேரு காலாவதியான தீனியைப் போட்டுப் பறவையைச் சாகடிக்கிறாங்க."

"தொட்டியே, சில பேருக்கு அடுத்தவன் தீனி மேலயே கண்ணு."

இதுதான் இவர்கள் பேச்சுவார்த்தை. வயது எழுபதுக்கு மேல், இரண்டு பேருக்கும்.

இனி என் கதை. என் பேர் விஜ்தான். பல்கலைக்கழகக் கண் ஆராய்ச்சிக் கூடத்தில் ரத்தத்தோடு மல்லுக்கட்டுவது என் வேலை. வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும். ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடத்தில் மட்டும் கறை விழும். அந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்கிற பொடித் துண்டுகள் எது கூடுகிறது, எது குறைகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணி முடித்தால் எனக்கு டாக்டர் பட்டம். வருஷக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் அம்மா சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் மக்லூபா. மாமா பெண் சௌசன் சட்டியைக் கவிழ்த்துச் சோற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். மாமி போனபிறகு மாமாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். மகன் கஸ்வான் தோஹாவில் இருக்கிறான், போனில் பாசம் காட்டுவான். அவன் பேரை வைத்துத்தான் ஊர் மாமாவை அபூ கஸ்வான், கஸ்வானின் அப்பா, என்று கூப்பிடும்.

"அந்தப் பொடித் துண்டு என்னதான் பண்ணும் மருமகளே?" என்றார் மாமா.

"அதுகளா எதுவும் பண்ணாது மாமா. உடம்புல ஒவ்வொரு அணுவும் இதைச் செய், அதைச் செய்னு சேதி அனுப்பிட்டே இருக்கும். இதுங்க போய் அந்தச் சேதியோட வாயை மூடும். எதை எப்போ அடக்கணுமோ அடக்கும்."

"நம்ம சௌசன் மாதிரின்னு சொல்லு."

சௌசன் சட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கத்தரிக்காய் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தது.

"இப்போ கண்ணுக்குப் பின்னாடி, புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லி ஒரு சேதி போகுதுன்னு வெச்சுக்கங்க. அதை அடக்கற துண்டு குறைஞ்சுபோச்சுன்னா கேள்வி கேக்க ஆளில்லாம குழாய் முளைச்சு, ஒழுகி, பார்வை கெடும். அதனால ரத்தத்தை எண்ணிப் பார்த்தா கண்ணோட கதை தெரியுமான்னு பாக்கறோம்."

"ரத்தமே சொல்லிடுமா?" மாமாவின் கை சோற்றிலேயே நின்றது.

"சொல்லிடும்னுதான் நினைக்கிறோம். நோய்க்காரங்க ரத்தம் நிறைய இருக்கு. எழுபது தாண்டி, கண்ணு நல்லா இருக்கற ஆளுங்கதான் கிடைக்கலை. கண்ணு நல்லா இருக்கறவன் எதுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வரப்போறான்?"

சௌசன் உட்கார்ந்தாள். "இவரை மட்டும் எடுத்துறாதே விஜ்தான். நேத்து டீயைக் கிளாஸுக்குப் பக்கத்துல ஊத்தினாரு."

"கிளாஸ் சின்னது," என்றார் மாமா.

"கேட்டியா? மாடியில கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அதுமேல காலை வெச்சுட்டு வானத்தைப் பாக்கறாரு. இதுல கண்ணும் சரியில்லைன்னா? கொல்லன் ஹாபிஸை வரச்சொல்லி அளவெடுத்தாச்சு. எந்த டாக்டராவது இவர் கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே மாடிப்படிக் கதவுக்கு வெல்டிங். புறா எல்லாம் சந்தைக்கு."

மாமா ஒரு வாய்ச் சோற்றை உருட்டி வைத்தார். பிறகு என் காதைப் பார்த்தபடி, "என் பேரை எழுதிக்கோ மருமகளே," என்றார். "கண்ணு நல்லா இருக்கற கூட்டத்துல." கொஞ்ச நாளாகவே அவர் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதைத்தான் பார்க்கிறார். கர்வம் ஏறிவிட்டது கிழவருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விதிப்படி முதலில் விழித்திரையைப் படமெடுத்து, கண் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் ரத்தம் எடுக்கவேண்டும். ஆனால் படமெடுக்கிற மெஷின் ஒரு உதிரிப்பாகத்துக்காகப் படுத்திருந்தது. எங்கள் புரொபசர் டாக்டர் முன்திருக்கோ அகபாவில் மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. "ரத்தத்தை முதல்ல வாங்கு விஜ்தான், படம் எங்கே ஓடிப்போகுது," என்றார். மாமா அதிலும் ஒரு சலுகை கேட்டார். தெருமுனைக் கிளினிக்கில் மாதாமாதம் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறார்களாம், அவர்களே எடுத்துத் தரட்டுமாம், பேருந்து ஏறி வர முட்டி வலிக்குமாம். குழாயையும் ஐஸ் பெட்டியையும் கொடுத்தேன். அடுத்த நாள் மனிதர் டாக்ஸியில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நேரே ஆராய்ச்சிக் கூடத்துக்கே வந்து இறங்கினார். முட்டிவலி எங்கே போயிற்று என்று நான் அப்போதே கேட்டிருக்கவேண்டும்.

முடிவு வந்த அன்று டாக்டர் முன்திர் நாற்காலியில் உட்காரவேயில்லை.

"யார் இந்த ஆளு? எழுபத்தஞ்சு வயசா? வயசானா கூடற எதுவும் கூடலை. குறையற எதுவும் குறையலை. சிலது இருபது வயசுப் பையன்கிட்டகூட இவ்வளவு இல்லை. விஜ்தான், இவருக்கு இருபது வயசுக் கண்ணு."

"என் மாமா சார்."

"உன் மாமாவா? என்ன சாப்பிடறாரு?"

"வறுத்த பூசணி விதை சார். நாள் பூரா."

அதையும் எழுதிக்கொண்டார். மாநாட்டில் பேசப்போகிற பேச்சின் தலைப்பையே மாற்றிவிட்டார். மாமாவை அகபாவுக்கு அழைத்துப்போய் மேடையில் நிறுத்துவது என்றும் ஏற்பாடு. நானும் வாயைப் பிளந்துகொண்டு சந்தோஷப்பட்டேன், என்ன செய்வது, டாக்டர் பட்டம் கண்ணில் தெரிந்தால் மற்றது தெரியாது.

செய்தி ஜோஃபா மலை முழுக்கப் பரவியது. மாமாதான் பரப்பினார். சந்தில் போகிற வருகிறவருக்கெல்லாம் காபி. சௌசனிடம், "பல்கலைக்கழகமே சொல்லிடுச்சு, இருபது வயசுக் கண்ணு," என்று காலையும் மாலையும் சொன்னார். பாவம், அவளும் படித்தவர்கள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஹாபிஸைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அபூ ஷுக்ரி மட்டும் தன் தொட்டியிடம் எதுவும் சொல்லவில்லை. கிண்டலுக்கு இவ்வளவு தோதான விஷயம் கிடைத்தும் சும்மா இருக்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று சௌசன் விசாரிக்கச் சொன்னாள்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு இடித்தது. நாங்கள் பார்த்த அத்தனை மனித ரத்தத்திலும் கூடவோ குறையவோ கிடைக்கிற ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ மாமா ரத்தத்தில் கொஞ்சம்கூட இல்லை. குறைவு என்றால் பரவாயில்லை. அறவே இல்லை. மறுபடி ஓட்டினேன். அப்போதும் இல்லை.

மேல்தண்ணீரை எடுத்துவிட்டு அடியில் தங்கின சிவப்பணுவை ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மனித ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக இருக்கும், உள்ளே கரு இருக்காது, பள்ளிக்கூடப் பாடம் இது. இங்கே எல்லாம் முட்டை வடிவம். முட்டை வடிவம் என்றால் ஒட்டக ரத்தமோ என்று பார்த்தால், ஒட்டகத்துக்கும் கரு கிடையாது. இதில் ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு கரு உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அப்படிப்பட்ட ரத்தம் பறவைக்கு உண்டு. மாமா வீட்டில் பறவைக்குப் பஞ்சமில்லை.

எத்தனையோ சின்னத் துண்டுகள் மனிதனுக்கும் பறவைக்கும் ஒன்றே. அதனால் மெஷின் பாவம் நம்பி எண்ணியிருக்கிறது. நாங்களும்தான். நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுகை வந்தது, பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமா மாடியில் இருந்தார். நீளக் கழியில் கறுப்புத் துணியைக் கட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். பறவைகள் மேலே வட்டமடித்தன. எதிர்மாடியில் அபூ ஷுக்ரி கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க ரத்தத்தைப் பார்த்தேன்."

"மாஷா அல்லா."

"அணுவுக்கு நடுவுல கரு இருக்கு."

"எங்க வம்சத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்போ எனக்கும் இருக்கணுமே."

"நீ உங்க அப்பா ஜாடை."

"மாமா, அது புறா ரத்தம்."

கழி நின்றது. பறவைகள் அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு சுற்றின. மாமா கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தீனி டின்மேல் உட்கார்ந்தார்.

"ஒரே பறவைகிட்ட எடுக்கலை," என்றார். "அது தாங்காது. நல்ல கண்ணுள்ளதா மூணைப் பார்த்து, ரெக்கைக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். அப்புறம் தேன் தண்ணி குடுத்தேன். ஒண்ணும் ஆகலை, நீயே பாரு, மேலதான் பறக்குதுங்க."

"மூணு பறவை சேர்ந்துதான் இருபது வயசுக் கண்ணா?"

"புறாவைவிட நல்ல கண்ணு எதுக்கு இருக்கு சொல்லு. ரத்தமே சொல்லிடும்னு நீதானே சொன்னே?"

கோபம் தலைக்கு ஏறியது. "என் படிப்பு நாசமாப் போகத் தெரிஞ்சுது மாமா. புரொபசர் ஊரு முழுக்கச் சொல்லிட்டாரு. பூசணி விதையைப் பத்தித் தனியா ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காரு. ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"அதை விடு. வந்ததுதான் வந்தே, அந்த ஆன்டெனாக் கம்பத்தைப் பாரு. ஆளைக் கூப்பிட்டு நிமிர்த்தறேன், மறுபடி கோணிக்குது. ஹாபிஸும் வந்து பார்த்துட்டு நேராத்தான் இருக்குன்னு சொல்றான், திருட்டுப்பய. நடுவுல வளைஞ்சிருக்கு பாரு."

பார்த்தேன். கம்பம் தூக்கு நூல் போட்டது போல நேராக நின்றது.

என் கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. நேர்கோடு வளைந்து தெரிந்தால் கண்ணுக்குப் பின்னால் குழாய் முளைத்து ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிச் சுவரில் நாங்களே ஒட்டி வைத்திருக்கிறோம், கோடு வளைந்தால் உடனே வாருங்கள் என்று. சீக்கிரம் ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் நடுவில் இருக்கிற பார்வை போய்விடும், போனது திரும்பாது. காதைப் பார்த்துப் பேசினது கர்வம் இல்லை. என் முகம் இருக்கிற இடத்தில் அவருக்கு முகம் தெரியவில்லை. வருஷக்கணக்காக இதே நோயின் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவள் நான், சொந்த மாமாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"மாமா, இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"முடியாது."

"கண்ணு போயிடும்."

"போனா போகட்டும். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா சௌசன் கதவை ஒட்டிடுவா. கீழே உக்காந்து நான் என்ன பண்றது? டிவியைப் பாக்கறதா? இந்த மாடிதான் மருமகளே எனக்கு. அது போனா நான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." முகத்தைப் பறவைகள் பக்கம் திருப்பிக்கொண்டார். உடனே சமாளித்துக்கொண்டார். "அதுவுமில்லாம என் கண்ணுக்கு என்ன குறை? எதிர்மாடிக்காரனோட பறவையை இந்த வருஷம் எத்தனை பிடிச்சேன் தெரியுமா? அவன் ஆயுசுல அவ்வளவு பறிகொடுத்ததில்லை. என் பறவை ஒண்ணுகூடப் போகலை. குருடனாலே முடியுமா இது? அவனையே கேளு."

எதிர்மாடியில் தண்ணீர்க் குழாய் நின்றது. அபூ ஷுக்ரி சுவரோரம் வந்து நின்றார். கையைச் சட்டையில் துடைத்தார். தன் தொட்டியை ஒருதரம் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார்.

"அபூ கஸ்வான்," என்றார்.

மாமா திடுக்கிட்டு எழுந்தார். எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாரோ அந்தக் குரலில் தன் பெயரை.

"உன் கண்ணு போறது எனக்குத் தெரியும். போன ரமலானுக்கு முன்னாடி என் சாம்பக்கழுத்துப் புறா உன் மாடியில வந்து இறங்கிச்சு. நீ அதுக்குத் தீனி போட்டே. கொஞ்சினே. அப்புறம் போடா தங்கம்னு பறக்க விட்டே. என் பறவையை. எனக்குச் சோறு இறங்கலை அன்னைக்கு."

"பொய்."

"இதுல பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்?"

"அப்போ நான் பிடிச்சது எல்லாம்?"

"நான் அனுப்பினது. தூரப் போகாம இருக்க ரெக்கையில ரெண்டு இறகைச் சேர்த்து நூல் சுத்தி அனுப்பினேன். உன் முகத்துக்கு நேரா இறங்கும்படி அதுகளைப் பழக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு."

"என் பறவை ஒண்ணுகூடப் போகலையே."

"வாரம் ஒண்ணு என்கிட்டே வரும். நீ சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போற நேரமாப் பார்த்து உன் கூண்டுல போட்டுட்டு வருவேன். ஒருநாள் சௌசன் பார்த்துட்டா. எண்ணெய் கடன் கேக்க வந்தேன்னு சொன்னேன். மாடியிலயான்னு கேட்டா."

வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றின மனிதர், தான் ஏமாந்ததைத் தாங்கமுடியாமல் நின்றார். "ஏன்டா?" என்றார் கடைசியில்.

"பின்ன? நீ கீழே இறங்கிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது? நாலு வீடு தள்ளி மாடியில இருக்கானே, அந்தப் பல் டாக்டர் கூடவா? அவன் மனசு அமைதிக்குப் புறா விடறானாம். பிடிச்சாத் திருப்பிக் குடுத்துட்டு நன்றி வேற சொல்றான். அவன்கூட எல்லாம் மனுஷன் சண்டை போடுவானா?" அபூ ஷுக்ரி மூக்கை உறிஞ்சினார். "பிள்ளை சொல்றதைக் கேளு. போய்க் காட்டு. நீ கண்டிப்பா என்னை ஏசுவே, ஏசிக்கோ. ஆனா போ."

மாமா என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்து காது வரைக்கும் ஏறியிருந்தது. "இவன் எனக்குப் பாவம் பார்த்திருக்கான் மருமகளே," என்றார். "இவன். எனக்கு. வண்டி எங்கே நிக்குது? ஊசியோ கத்தியோ எது வேணா போடச் சொல்லு. கண்ணு வரட்டும், இவன் கூண்டைத் துடைச்சு எடுக்கறேன்."

அபூ ஷுக்ரியும் வண்டியில் ஏறிக்கொண்டார். இவன் அலறுவதைப் பார்க்கவேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்றார். இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

இடது கண் கெட்டு நாளாகிவிட்டது, அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கண்ணில் ஒழுகல் புதுசு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்குமாம். கண்ணுக்குள்ளேயே ஊசி என்றதும் மாமா முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. ஊசியைக் காட்டினதும் கலிமா சொல்ல ஆரம்பித்தார். மரத்துப்போக மருந்து விட்டு, போட்டு, முடிந்தும்விட்டது, அவர் முனகக்கூட இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த அபூ ஷுக்ரிதான் மயங்கி விழுந்தார். நர்ஸ்கள் மாமாவை விட்டுவிட்டு அவரைத் தூக்க ஓடினார்கள்.

"விழுந்தது யாரு?" என்றார் மாமா, கட்டுப்போட்ட கண்ணோடு.

"அபூ ஷுக்ரி, மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

சௌசன் அடித்துப்பிடித்து வந்தாள். நடைபாதையில் நின்று என்னை ஒரு மூச்சுத் திட்டினாள், அவரை ஒரு மூச்சுத் திட்டினாள், மயக்கம் தெளிந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த அபூ ஷுக்ரியையும் விடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டே, "கதவை ஒட்டிடுவியா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எனக்கே பொறுக்கவில்லை.

"மாடி வேணாம்னு நான் எப்போப்பா சொன்னேன்?" சௌசன் அழுதுவிட்டாள். "நீங்க விழுந்துட்டா நான் யாருக்குச் சோறு வைக்கறது? கண்ணு போறதைக்கூட என்கிட்டச் சொல்லாம மறைச்சீங்களே, அவ்வளவு பொல்லாதவளா நான்?"

கதவுக்கு எடுத்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹாபிஸ் மாடியைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வேலி வைத்தான். இரண்டாவது ஊசி முடிந்து வந்து மாமா அதைப் பார்த்தார். "கோணலா இருக்கே," என்றார். சௌசன் முகம் வெளுத்துப் போயிற்று. நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். கிழக்கு ஓரம் ஒரு விரற்கடை கோணல்தான். ஹாபிஸை அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டர் முன்திரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியே சுவரில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது, அது தற்செயல். பேச்சின் தலைப்பைப் பழையபடி மாற்றினார். பூசணி விதைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு மாமாவின் சொந்த ரத்தத்தை, இந்தத் தரம் நானே நரம்பைப் பிடித்து நானே எடுத்து, எண்ணினோம். அடக்கவேண்டிய துண்டுகள் குறைந்து, கூடக்கூடாதது கூடி, நோய்க்காரர் கூட்டத்தில் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அந்த எண்களின்மேல் பாசம் வந்தது.

"எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகமா?" என்று மாமா கேட்டார்.

"இல்லை மாமா, நடுவுல."

"இன்னொரு தரம் எண்ணிப் பாரு," என்றார்.

வசந்தம் முடிகிற சமயம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தேன், போன் வந்தது. அபூ ஷுக்ரி. குரல் ஒரு மாதிரி இருந்தது. மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கைப்பையைத் தேடினேன்.

"மகளே, உன் மாமன் என் கர்க்கந்திப் புறாவைப் பிடிச்சுட்டான்."

"நீங்க அனுப்பினதா?"

"அனுப்பலைம்மா. அதை நான் யார் கண்ணுலயும் காட்டறதே இல்லை. கூட்டத்தோட கூட்டமா மேலே சுத்திட்டு இருந்துச்சு. அத்தனை பறவையில அதைக் கண்டுபிடிச்சு, தன் பேடையைக் காட்டி இறக்கி, வலையைப் போட்டுட்டான். ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு. என்னோட உசுருக்கு உசுரான பறவை அது." அவர் தேம்பித் தேம்பி அழுதார். நடுநடுவே சிரிக்கவும் செய்தார் என்று நினைக்கிறேன்.

"அழாதீங்க. நான் சாயங்காலம் போறேன். திருப்பிக் குடுக்கச் சொல்லி நான் கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டுறாதேம்மா," என்றார் அவசரமாக. "பாவம்னு அவன் திருப்பிக் குடுத்துட்டா நான் என்ன பண்றது?"